பாடல் யாருடையது, மெட்டு யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் இந்த மார்கழி முழுவதும் வெளியாகிவரும் கர்நாடக இசை வினா விடைப் பகுதியை முதல் வாரத்திலிருந்தே கத்தரித்து எடுத்துவைத்து வருகிறேன். இனி வரும் வாரங்களில் எந்தெந்த வாக்கேயகாரர்களை, அதாவது பாடல் இயற்றியவர்களை, பற்றிக் கேள்வி கேட்கலாம் என்று வாசகர்கள் எழுதியனுப்பும்படி சென்ற ஞாயிறன்று கேட்டிருந்தீர்கள். மயிலாடுதுறையில் பள்ளி மாணவர்களுக்காக ஆண்டுதோறும் நடந்துவந்த ஓர் இசை வினாடி வினாவுக்குப் பல ஆண்டுகள் கேள்வி தயாரித்தவன் என்ற முறையில், எனக்குப் பிடித்த பத்துப் பெயர்களை ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் பட்டியல் போடுவது எளிது. எதை வைத்து ஒரு பெயரைச் சேர்ப்பது, எதை வைத்து விடுவது என்பதில்தான் நான் பலமுறை சறுக்கியிருக்கிறேன் என்பதால், அதைப் பற்றியே சற்று விரிவாக எழுத அனுமதி வேண்டுகிறேன்.

இதுவரை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி ஆகிய மூவரைப் பற்றியவையாகவே இருந்தன. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த மூவரை விட்டுவிட்டு ஒரு கர்நாடக இசைப் போட்டியை நடத்த முடியாது. ஆயினும் மூவரும் பிறந்த ஊர் எது என்ற கேள்வியை இன்னும் எத்தனை மார்கழிக்குக் கேட்பது? எங்கள் போட்டியில் ‘மும்மூர்த்திகள்’ என்று நான் வாயெடுத்தவுடனே மூன்று மேசைகளிலிருந்தும் மணி ஒலிக்கும். கேள்வியே முடியாமல் ‘திருவாரூர்’ என்ற விடை வந்து விழும். அந்தப் பிள்ளைகளில் பலர் சியாமா சாஸ்திரியின் ஒரு கிருதியையாவது முழுதாகக் கேட்டிருப்பார்களா என்பது எனக்கு எப்போதுமே ஐயம்.

ஓர் ஆண்டு நடந்ததைச் சொல்ல வேண்டும். இறுதிச் சுற்றில் ‘குறை ஒன்றும் இல்லை’ பாடலின் முதல் இரண்டு வரிகளை ஒலிக்கவிட்டு, இதை அமைத்தவர் யார் என்று கேட்டேன். எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் எழுந்து, ‘கடையநல்லூர் வெங்கடராமன்’ என்றாள். என் கையிலிருந்த அட்டையில் ராஜாஜி என்று எழுதியிருந்தது, எழுதியவனும் நான்தான். தவறு என்று சொல்லி, அடுத்த மேசைக்குக் கேள்வியைத் தள்ளினேன். அங்கிருந்த பையன் ராஜாஜி என்றான், பத்து மதிப்பெண் பெற்றான், அந்தப் பத்து மதிப்பெண்ணில் கோப்பை கைமாறியது. பரிசளிப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண்ணின் பாட்டி என்னிடம் வந்து, கோபமே இல்லாத குரலில், ‘சார், சிவரஞ்சனியில ஆரம்பிச்சு காபி போய் சிந்துபைரவியில முடியறதே, அந்த ராகமாலிகையை ராஜாஜியா போட்டார்?’ என்று கேட்டார். அவர் போடவில்லை. சொற்கள் ராஜாஜியுடையவை, மெட்டு கடையநல்லூர் வெங்கடராமனுடையது, எம்.எஸ். சுப்புலட்சுமி அவர்களின் குரலில் அது ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. ‘எழுதியவர்’ என்று கேட்காமல் ‘அமைத்தவர்’ என்று கேட்டது என் பிழை. கேள்வியை ஒழுங்காகப் படித்து ஒழுங்காக விடை சொன்னவள் அவள்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை என்பதோடு, அதுவரை நான் கேள்வித்தாள் தயாரித்த முறையே தவறோ என்ற கலக்கமும் வந்தது. வாக்கேயகாரர் என்ற சொல்லுக்கு இலக்கண நூல்கள் தரும் பொருள், வாக்கையும் கேயத்தையும், அதாவது சொல்லையும் இசையையும், ஒருவரே சேர்த்து இயற்றியவர் என்பது. இந்த இலக்கணத்தை எழுத்துப் பிசகாமல் பிடித்துக்கொண்டால் ராஜாஜி நிற்கமாட்டார், சரி. ஆனால் அவரோடு இன்னும் எத்தனை பேர் வெளியே போய்விடுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தபோது திகைத்துப்போனேன். அன்னமாச்சாரியாரின் கீர்த்தனைகள் திருமலையில் செப்பேடுகளில் கிடைத்தன. அவற்றில் ராகப் பெயர் உண்டு, ஸ்வரம் இல்லை. இன்று நாம் கேட்கும் அன்னமய்யா மெட்டுகளில் பெரும்பாலானவை ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா, நேதுனூரி கிருஷ்ணமூர்த்தி போன்ற 20ஆம் நூற்றாண்டு வித்துவான்கள் அமைத்தவை. எங்கள் பக்கத்துச் சீர்காழி மூவரின் நிலையும் அதுவே. முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை (1712-1787), தில்லையாடியில் பிறந்து சீர்காழியில் வாழ்ந்த அருணாசலக் கவிராயர் (1711-1779) ஆகியோரின் பாடல்களில் பல, பழைய மெட்டு மறைந்துபோய், பிற்கால வித்துவான்களின் கைபட்டு மேடையேறியவை. இராம நாடகத்தை எடுத்துக்கொண்டால், கவிராயர் காலத்திலேயே அதற்கு இசை வகுத்ததில் அவருடைய மாணாக்கர் இருவருக்குப் பங்கு இருந்ததாகச் சொல்வார்கள். இன்று ‘யாரோ இவர் யாரோ’ என்று பைரவியில் உருகிப் பாடும்போது நாம் எத்தனை பேருடைய உழைப்பைக் கேட்கிறோம் என்பதை ஒரே பெயரில் அடக்கிவிட முடியாது.

சுவாதித் திருநாளும் (1813-1846) இந்தச் சல்லடையில் முழுதாகத் தப்பமாட்டார். அவருடைய ‘பாவயாமி ரகுராமம்’ சாவேரியில் மட்டும் இருந்தது. பல்லவியை அந்தச் சாவேரியிலேயே நிறுத்திக்கொண்டு, சரணங்களுக்கு நாட்டைக்குறிஞ்சி, தன்யாசி, மோகனம் என்று வேறு வேறு ராகங்களைக் கொடுத்து நாம் இன்று அறிந்த ராகமாலிகையாக்கியவர் செம்மங்குடி சீனிவாச ஐயர். கேள்வித்தாளில் இதற்கு விடை என்ன என்று எழுதுவது?

ஆக, இலக்கணத்தை இறுக்கிப் பிடித்தால் மும்மூர்த்திகளும், அவர்களுடைய மாணவர் வழியில் வந்த பட்டணம் சுப்பிரமணிய ஐயர் (1845-1902) போன்றவர்களும், மிக அண்மைக்கால பாபநாசம் சிவனும் (1890-1973) தவிர அதிகம் பேர் மிஞ்சமாட்டார்கள். தங்கள் பகுதியில் பாதிக் கேள்வி அந்த மூவரைப் பற்றியே அமைந்ததற்குப் பாரபட்சம் காரணமாக இருக்காது, இந்த அளவுகோல்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் இந்த அளவுகோலில் அவர்கள் மட்டும் முழுதாக நிற்பதற்கு அவர்களுடைய மேதைமை ஒரு பாதி என்றால், மறுபாதி அவர்களுக்கு வாய்த்த வாரிசுகள். தியாகராஜருக்கு வாலாஜாபேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் என்று பாடாந்தரத்தை, அதாவது குருவழி வந்த பாடும் முறையை, காத்த சீடர் மரபுகள் கிடைத்தன. தீட்சிதரின் குடும்பத்தில் பிறந்த சுப்பராம தீட்சிதர், எட்டயபுரத்தில் இருந்துகொண்டு 1904இல் சங்கீத சம்பிரதாய ப்ரதர்சினியைக் கமகக் குறிகளோடு (ஸ்வரங்களின் அசைவைக் காட்டும் குறிகளோடு) அச்சேற்றினார். சியாமா சாஸ்திரிக்கு மகன் சுப்பராய சாஸ்திரியே பெரும் வாக்கேயகாரராக அமைந்தார். முத்துத்தாண்டவருக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. ஸ்வரப்படுத்தி வைக்க ஆளில்லாமல் போனதற்காக ஒருவரைப் போட்டியிலிருந்து நீக்குவது, பத்திரம் தொலைந்துவிட்டது என்பதற்காக வீட்டையே இல்லை என்று சொல்வதைப் போன்றது.

இந்த இலக்கணத்தால் அதிகம் அடிபடுபவர்கள் பெண்கள். நான் கேள்வி தயாரித்த முதல் பல ஆண்டுகளில் ஒரு பெண் பெயர்கூட என் அட்டைகளில் இல்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அதைச் சுட்டிக்காட்டியவரும் அதே பாட்டிதான். மார்கழியில் திருப்பாவை பாடாத ஊர் ஏது? சொல் ஆண்டாளுடையது; கச்சேரி மேடையில் நாம் கேட்கும் ராக அமைப்பு பெரும்பாலும் அரியக்குடி இராமானுஜ ஐயங்காருடையது. மதுரையில் வாழ்ந்த அம்புஜம் கிருஷ்ணா (1917-1989) நூற்றுக்கணக்கில் பாடல் எழுதினார், அவற்றுக்கு இசை அமைத்தவர்கள் வேறு வித்துவான்கள். இவ்விருவரையும் ‘கவிஞர்கள்’ என்று ஒதுக்கிவிட்டு, அன்னமாச்சாரியாரை மட்டும் வாக்கேயகாரர் என்று உள்ளே வைத்திருப்பது எந்த நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை. காரைக்கால் அம்மையாரோ இந்தத் தகராறுக்கே இடம் தராதவர். அவர் பாடிய மூத்த திருப்பதிகங்கள் இரண்டும், ஒன்று நட்டபாடையிலும் மற்றொன்று இந்தளத்திலுமாகப் பண் குறிக்கப்பட்டு, திருமுறையில் இடம்பெற்றுள்ளன. தேவாரம் பாடிய மூவருக்கும் முற்பட்டவர் என்பதால்தான் அவற்றுக்கு ‘மூத்த’ என்ற அடைமொழி. காரைக்கால் எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்துவிடக்கூடிய தொலைவு. இருந்தும் எங்கள் போட்டியில் அவர் பெயர் வர இத்தனை ஆண்டாயிற்று.

ஆகவே பிற்காலத்தில் நான் வைத்துக்கொண்ட அளவுகோல் வேறு. அந்தப் பெயருக்குரிய ஒரு பாடலாவது இன்று உயிரோடு இருக்கிறதா, பிள்ளைகள் அதை எங்கேனும் காதால் கேட்டிருக்க வழியுண்டா என்று பார்ப்பேன். கேட்பதற்கு மேடைக் கச்சேரி ஒன்றுதான் இடம் என்றும் கொள்ளமாட்டேன். பாட்டு வகுப்புக்குப் போகும் எந்தக் குழந்தைக்கும், ஸ்வர வரிசைகளையெல்லாம் கடந்து முதன்முதலாக வாயில் வரும் பாட்டு மலஹரியில் ‘ஸ்ரீ கணநாத’. ஆகையால் புரந்தரதாசர் யார் என்று தெரியாதவரும் அவரைப் பாடியிருக்கிறார். நாட்டிய வகுப்புக்குப் போகும் பெண்கள், பாட்டுப் படிக்கும் பிள்ளைகளைவிட, சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வரின் உருப்படிகளை அதிகம் கேட்கிறார்கள். தீட்சிதரிடம் கற்ற அந்தச் சகோதரர்களைப் பற்றித் தங்கள் பகுதியில் இதுவரை ஒரு கேள்வியும் வரவில்லை. கோயிலில் ஓதுவார் பாடுவதையும், கல்யாண வீட்டில் நாகஸ்வரம் வாசிப்பதையும் இதே கணக்கில் சேர்க்கலாம்.

இப்படிப் பார்க்கத் தொடங்கியதும் என் ஊரே எனக்கு வேறு விதமாகத் தெரிந்தது. நந்தனார் சரித்திரம் இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் மாயவரத்தில் வாழ்ந்தவர், உ.வே. சாமிநாதையர் இளமையில் அவரிடம் சிறிது காலம் இசை பயின்றிருக்கிறார். அதே மாயவரத்தில் முன்சீபாக இருந்தவர் வேதநாயகம் பிள்ளை (1826-1889). நம் பாடப்புத்தகங்கள் அவரை முதல் தமிழ் நாவலாசிரியராக மட்டுமே அறிமுகப்படுத்துகின்றன. சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் என்று ஒரு கீர்த்தனைத் தொகுதியையே 1878இல் வெளியிட்டவர் அவர் என்பது பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. பஞ்ச காலத்தில் வேதநாயகம் பிள்ளை ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்ததைக் கண்டு, கோபாலகிருஷ்ண பாரதியார் அவர் மீது ‘நீயே புருஷ மேரு’ என்று ஒரு கீர்த்தனமே பாடியிருக்கிறார். ஒரு வாக்கேயகாரர் இன்னொரு வாக்கேயகாரரைப் பாடிய இந்த நிகழ்ச்சியை நான் ஒருமுறை கேள்வியாக வைத்தபோது, போட்டி நடந்த அதே தெருக்களில் அந்த இருவரும் நடந்திருக்கிறார்கள் என்பதில் பிள்ளைகளுக்கு ஏற்பட்ட வியப்பைத் திருவாரூர்க் கேள்வியில் நான் ஒருநாளும் கண்டதில்லை.

பெயரைச் சேர்ப்பது ஒன்று, அவரைப் பற்றி எதைக் கேட்பது என்பது வேறொன்று. ஊத்துக்காடு வேங்கடகவியைச் சேர்க்காமல் இருக்க முடியாது. ‘அலைபாயுதே’ கேட்காத வீடு இல்லை. ஆனால் அவருடைய காலம் குறித்து ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதால், பிறந்த ஆண்டைக் கேட்டுவிட்டு ஒரு பிள்ளையின் விடையைத் தவறு என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை. முத்துசுவாமி தீட்சிதரைப் போல நன்கு பதிவான ஒருவரிடமே இந்தத் தொல்லை இருக்கிறது. சில நூல்களில் அவர் பிறந்த ஆண்டு 1775, சிலவற்றில் 1776. அவர் பிறந்தது மன்மத வருடம், பங்குனி மாதம், கிருத்திகை நட்சத்திரம் என்பது குடும்ப வழிச் செய்தி. மன்மத வருடம் 1775 சித்திரையில் தொடங்கியது. அதன் கடைசி மாதமான பங்குனி வரும்போது ஆங்கிலக் கணக்கில் 1776 பிறந்துவிட்டது. வருடத்தை மட்டும் பார்த்து மாற்றியவர்கள் ஒன்றையும், மாதத்தையும் சேர்த்துப் பார்த்தவர்கள் மற்றொன்றையும் எழுதிவிட்டார்கள். தங்கள் இரண்டாம் வாரப் பகுதியில் 1775 மட்டுமே சரியான விடை என்று அச்சாகியிருந்தது. 1776 என்று எழுதி அனுப்பிய வாசகர்களுக்கும் மதிப்பெண் தருவதே முறை.

பாடலை வேறொருவர் தலையில் ஏற்றுவது இதைவிடப் பெரிய சங்கடம். கமாஸில் ‘ப்ரோசேவாரெவருரா’ தியாகராஜருடையது என்று சத்தியம் செய்பவர்களை நான் சபா வாசலில் சந்தித்திருக்கிறேன். அது மைசூர் வாசுதேவாச்சாரியாருடையது (1865-1961). சரணத்தின் முடிவில், யானையைக் காத்த வாசுதேவன் நீயல்லவா என்ற பொருளில் ‘வாசுதேவுடு நீவு கதா’ என்று வருகிறதே, அந்த இடத்தில் கடவுள் பெயருக்குள்ளேயே அவருடைய முத்திரை, அதாவது இயற்றியவர் பாடலில் வைக்கும் அடையாளச் சொல், ஒளிந்திருக்கிறது. தெலுங்கு, ராமன், உருக்கம் மூன்றும் சேர்ந்தால் தியாகராஜர் என்று காது முடிவு செய்துவிடுகிறது. அதே போல ‘கிருஷ்ணா நீ பேகனே’ என்றால் புரந்தரதாசர் என்பார்கள். அதில் புரந்தர விட்டலன் இல்லை, உடுப்பி ஸ்ரீகிருஷ்ணன்தான் இருக்கிறான், அது வியாசராயருடைய முத்திரை. ‘என்ன தவம் செய்தனை’ பாபநாசம் சிவனுடையது. யசோதையைப் பாடுவதாலும் அதில் முத்திரை ஏதும் இல்லாததாலும் அது ஊத்துக்காட்டார் கணக்கில் போய்விடுகிறது. இவற்றையெல்லாம் பிள்ளைகளை மடக்கும் கேள்விகளாக வைப்பதை நான் விரும்பவில்லை. சரணத்தை ஒலிக்கவிட்டு முத்திரையைக் கண்டுபிடிக்கச் சொன்னால் அவர்கள் பாட்டைக் கேட்பார்கள். அச்சுப் பகுதியிலும் சரணத்தின் இரு வரிகளைத் தந்து இதைச் செய்யலாம்.

அளவுகோலைத் தளர்த்தினால் யாருக்கும் தெரியாத பெயர்களெல்லாம் வந்து சேரும், பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று என் நண்பர் ஒருவர் சொல்வார். அதில் உண்மை இருக்கிறது, ஏனென்றால் கேள்வி தயாரிப்பவனுக்குத் தன் படிப்பைக் காட்டும் ஆசை உண்டு. கோடீஸ்வர ஐயர் 72 மேளகர்த்தாக்களிலும் (தாய் ராகங்களிலும்) தமிழில் பாடல் இயற்றியவர் என்று தெரிந்துகொண்ட ஆண்டில், அவற்றில் ஒரு விவாதி மேளத்தை (பாடக் கடினமான ஸ்வரச் சேர்க்கை கொண்ட தாய் ராகத்தை) பற்றி நானே ஒரு கேள்வி வைத்தேன். எந்த மேசையிலும் மணி ஒலிக்கவில்லை, நடுவர்களுக்கும் விடை தெரியவில்லை, அரங்கில் மகிழ்ச்சியடைந்த ஒரே ஆள் நான்தான். அதற்குப் பதிலாக அவருடைய ஹம்ஸத்வனிப் பாடலான ‘வாரணமுக வா’ என்று தொடங்கியிருந்தால் பாதிப் பேர் கூடவே முணுமுணுத்திருப்பார்கள், இயற்றியவர் பெயரும் மனத்தில் தங்கியிருக்கும்.

இதைத் தமிழா தெலுங்கா என்ற பழைய வழக்காக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தமிழிசைச் சங்கம் தோன்றிய 1943ஆம் ஆண்டிலேயே அந்த வாதங்கள் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்துவிட்டன, நான் புதிதாகச் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை. தியாகராஜரும் மாரிமுத்தாப் பிள்ளையும் ஒரே கச்சேரியில் அடுத்தடுத்துப் பாடப்படுகிறார்கள். ஒரே கேள்வித்தாளில் அடுத்தடுத்து வருவதில் இடைஞ்சல் இருக்கக் காரணமில்லை. வாழ்ந்துகொண்டிருக்கும் இயற்றுநர்களைச் சேர்ப்பதில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. உள்ளூர்ச் சபாவில் அது உடனே சிபாரிசாக மாறிவிடும். லால்குடி ஜெயராமன், பாலமுரளிகிருஷ்ணா ஆகியோர் வரை வந்து நிறுத்திக்கொள்வது எனக்குப் போதுமானதாகத் தோன்றுகிறது.

தங்களிடம் நான் கேட்டுக்கொள்வது சிறிய மாற்றம்தான். விடைகள் அச்சாகும் பத்தியில் இப்போது ஒவ்வொரு பாடலுக்கும் எதிரே ஒரு பெயர் மட்டுமே வருகிறது. அங்கே ‘சொல்’ என்றும் ‘இசை’ என்றும் இரண்டு இடம் விட்டு, இருவரும் ஒருவரேயானால் ஒரே பெயரையும், வேறானால் இரண்டு பெயர்களையும், மெட்டமைத்தவர் தெரியாத இடத்தில் ‘பிற்கால மெட்டு’ என்றும் அச்சிட்டால் போதும். எந்தப் பாடலுக்கும் இது கூடுதலாக ஒரு வரிக்கு மேல் இடம் எடுக்காது. அடுத்த ஞாயிறன்று வரும் விடைப் பத்தியில் ‘பாவயாமி’ இருப்பதாகச் சென்ற இதழின் கேள்விகளிலிருந்து தெரிகிறது. செம்மங்குடியின் பெயரோடு அங்கிருந்தே இதைத் தொடங்கலாம்.

அந்தப் பெண்ணின் வீட்டுக்கு மறு வாரமே சென்று, பிழை என்னுடையது என்று சொல்லி, பத்து மதிப்பெண்ணைத் திருத்திய தாளைக் கொடுத்தேன். கோப்பையைத் திரும்ப வாங்கித்தர என்னால் முடியவில்லை. அது ஏற்கெனவே அந்தப் பள்ளியின் கண்ணாடி அலமாரிக்குள் போய்விட்டது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
மயிலாடுதுறை.